பொம்பெயியின் தாயும் சேயும்

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை உரோமரின் பொம்பெயி நகரைச் சாம்பலால் மூடியது. 1834இல் ஆங்கில நாவலாசிரியர் லிற்றன் அந்நகரின் இறுதி நாட்களைக் கதையாக்கினார். 1863இல் அகழ்வாய்வாளர் பியோரெல்லி, உடல்கள் அழிந்து சாம்பலில் விட்டுச்சென்ற குழிகளிற் பரிஸ் சாந்து வார்த்து, மாண்டோரின் உருவங்களை மீட்டார்.

பின்னர் ஒரு வீட்டில், பொற்காப்பு அணிந்த ஒருவரும் மடியிற் குழந்தையுமாக இரு உருவங்கள் வெளிப்பட்டன. தாயும் சேயும் என்றே நாம் நெடுங்காலம் நம்பினோம். 2024இல் வெளியான மரபணு ஆய்வோ, அவர் ஓர் ஆண் எனவும், குழந்தைக்கு இரத்த உறவற்றவர் எனவும் காட்டியது. காப்பைக் கண்டு தாயென்றவர்களும் கதையே புனைந்தனர்.

ஆயினும் உண்மை இங்கு கதையிலும் பெரிது. உயிர்தப்பி ஓடும் வேளையில் பிள்ளையை அணைக்கும் கை உறவுமுறை கேட்பதில்லை. இதனை நாம் அறிவோம்.