கோட்டின் மேல் கத்தி

கெமாஸ் என்றதும் எல்லோரும் ரயிலைத்தான் சொல்வார்கள். தண்டவாளம் அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஜொகூர்ப் பக்கம் இறங்கும், இன்னொன்று பகாவ் வழியாகக் காட்டுக்குள் நுழைந்து கிளந்தானில் தும்பாட்வரை போகும். எனக்கு ஊர் என்றால் ஸ்டேஷனுக்கு வெகு தூரத்தில் இருந்த ரப்பர் தோட்டம்தான். அம்மா மரம் சீவிய தோட்டம். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது.

பதிமூன்று வயதில், ஒரு பள்ளி விடுமுறையில், அம்மா என் கையில் கத்தியைக் கொடுத்தார். அதற்கு முன் ஒரு குச்சியைக் காட்டினார். குச்சியின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு தகரப் பட்டை ஆணியடித்திருந்தது. குச்சியை மரத்தோடு நிமிர்த்திப் பிடித்து, தகரத்தை மரத்தைச் சுற்றி வளைத்து அழுத்தி, அதன் ஓரமாக ஆணியால் கீறினால் பட்டையில் ஒரு கோடு விழும். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும் கோடு. “கோட்டப் பாத்து இழுடி, கத்தி தானா வரும்” என்றார். அவ்வளவுதான் பாடம்.

அந்தச் சாய்வு ஏன் என்று அவர் சொல்லவில்லை. பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக மேலே போவதில்லை. சில பாகை வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் வெட்டினால் அதே நீளத்தில் கூடுதல் குழாய்கள் அறுபடும். பால் மங்குக் கிண்ணத்துக்கு வழிந்து வரவும் அந்தச் சரிவு வேண்டும். ஆழத்திலும் அதே நுட்பம். பால் மிகுதியாக இருப்பது பட்டையின் உள்ளோரத்தில். அதற்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி, கட்டையை ஒட்டி, மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. அதைக் கத்தி தொட்டால் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல ஆண்டு கழித்து அந்தப் பட்டையில் வெட்ட வருகிறவர் அந்தத் தவறைச் சுமக்க வேண்டும்.

இந்த வெட்டுக்கே ஒரு பிறந்த கதை உண்டு. 1877இல் லண்டனின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பிரேசில் காடுகளில் அந்த மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொத்தக் கொத்த மரம் புண்ணாகும். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி 1890களில் வேறு வழியைச் சோதித்தார். புதிதாகக் கொத்தாமல், முந்தைய வெட்டின் கீழ் ஓரத்தையே மெல்லிய சீவலாக எடுத்துத் திரும்பத் திறப்பது. மரம் சாகவில்லை, பாலும் கூடியது. மலாயா முழுக்கத் தோட்டங்கள் விரிந்ததற்கு இந்தச் சீவல் ஒரு பெரிய காரணம். அந்தச் சீவலைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் முன்னோர் பல்லாயிரம் பேருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. வயலில் நாற்று நட்ட கை, மரத்தின் தோலில் மில்லிமீட்டர் கணக்கில் இழுக்கப் பழக வேண்டும். அதற்கு உதவியது அந்தக் கோடு.

கற்றுக்கொள்பவரும் கைதேர்ந்தவரும் இழுப்பது ஒரே இழுப்புதான். நான் கோட்டைப் பார்த்து மெல்ல இழுத்தேன். அம்மா அரை இருட்டில், நெற்றி விளக்கு ஆடிக்கொண்டிருக்க, கோட்டைத் தேடாமல் இழுத்தார். என் கையும் அவர் கையும் போன பாதை ஒன்று. அதனால் ஒவ்வொரு தடுமாற்றமும் எனக்குப் பயிற்சியாகவே சேர்ந்தது.

இருபது வருடமாகக் கோலாலம்பூரில் கணினித் திரைகளை வடிவமைக்கும் வேலை செய்கிறேன். இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது இதற்கு நேர் எதிர். புதியவருக்கு ஒரு பட்டியல் விரியும், அவர் படித்துப் பார்த்துத் தட்டுவார். பழகியவர் விசைப்பலகையில் குறுக்குவழி அழுத்துவார். பட்டியலைப் பத்தாயிரம் தடவை தட்டினாலும் அந்தக் குறுக்குவழி விரலுக்கு வராது. இரண்டும் வெவ்வேறு அசைவுகள்.

இந்தப் பள்ளத்தை முதலில் தூர்த்தவர்கள் டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். அதற்கு முன்பே வட்டப் பட்டியல் இருந்தது. 1988இல் காலஹன், ஹாப்கின்ஸ், வைசர், ஷ்னைடர்மன் என்ற ஆய்வாளர்கள் நால்வரும் எட்டு வரிப் பட்டியலைச் செங்குத்தாகவும் வட்டமாகவும் வைத்து ஒப்பிட்டார்கள். வட்டம் ஏறத்தாழ 15 சதவீதம் விரைவாக இருந்தது. டொரோன்டோவின் கோர்டன் கர்ட்டன்பாக்கும் பில் பக்ஸ்டனும் அந்த வட்டத்தை எடுத்து அதில் ஒரு காத்திருப்பைச் சேர்த்தார்கள். பேனாவைத் திரையில் அழுத்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி நின்றால் வட்டம் தோன்றும். தெரிந்தவர் நிற்க வேண்டியதில்லை. அதே திசையில் ஒரு கீற்று இழுத்தால் போதும், வட்டம் தோன்றாமலே வேலை முடியும். 1993இல் கர்ட்டன்பாக் தன் முனைவர் ஆய்வில் இதை முழுமையாக எழுதினார். பட்டியல் தன்னைத் தானே காட்ட வேண்டும், கையை வழிநடத்த வேண்டும், புதியவர் செய்வதே தேர்ந்தவரின் அசைவுக்கு ஒத்திகையாக வேண்டும் என்பவை அவர்கள் வகுத்த மூன்று நெறிகள். மூன்றாவதைப் படித்த அன்று எனக்கு அம்மாவின் தகரக் குச்சி நினைவுக்கு வந்தது. 1994இல், உண்மையான வேலையில் ஈடுபட்டிருந்தவர்களைக் கவனித்தபோது, பட்டியலை விரித்து எடுப்பதைவிடக் கீற்று சராசரியாக 3.5 மடங்கு வேகம் என்று கண்டார்கள். மாயா என்ற முப்பரிமாண மென்பொருளில் இந்த முறை இன்றும் இருக்கிறது.

எல்லை உண்டு. எட்டுத் திசை, பட்டியலுக்குள் பட்டியலாக இரண்டு அடுக்கு, இதைத் தாண்டினால் கை தவறும். 2004இல் ஷெங்டோங் ஜாவோவும் ரவின் பாலகிருஷ்ணனும் திசை மாறி மாறிப் போகும் ஒரே நீளக் கோட்டுக்குப் பதில் சின்னச் சின்ன நேர்கீற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்க வைத்தார்கள். தவறு குறைந்தது. 2008இல் ஒலிவியே போவும் வெண்டி மெக்கேயும் செய்த ஆக்டோபோக்கஸ்தான் என் மனத்துக்கு நெருக்கமானது. கையை நிறுத்தினால் போகக்கூடிய பாதைகள் எல்லாம் வண்ணக் கோடுகளாக விரலடியில் விரியும். ஒன்றைப் பின்பற்றத் தொடங்கியதும் மற்றவை மெலிந்து மறையும். பட்டையில் கீறிய கோடு உயிர் பெற்றது போல.

இவ்வளவு தெரிந்த பிறகும், இன்று கைப்பேசியின் ஓரத்திலிருந்து இழுக்கும் அசைவுகளுக்குப் பெரும்பாலும் எந்தக் கோடும் இல்லை. தெரிந்தால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை. தோட்டத்தை விட்டு வந்த எங்கள் அம்மாக்கள் பேரப்பிள்ளைகளின் கையைப் பார்த்துப் பார்த்து அதைக் கற்கிறார்கள், பாதியில் விட்டுவிடுகிறார்கள். 500 மரத்தை விடியுமுன் தொடங்கிச் சீவிய கைகளுக்கு அசைவு கற்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

போன வருடம் அம்மாவின் கைப்பேசியில் சின்னதாக ஒன்று செய்து வைத்தேன். விரலை வைத்து நின்றால் நான்கு திசையில் நான்கு கோடு வரும். மேலே நான், வலது பக்கம் அண்ணன், கீழே கிளினிக், இடது பக்கம் அத்தை. எட்டு வைத்துப் பார்த்தேன், அவர் விரல் நடுக்கத்துக்கு அது நெருக்கமாக இருந்தது. முதல் வாரம் விரலை வைத்து, கோடு வரும்வரை நின்று, அதன்மேல் மெல்ல இழுத்தார். மூன்றாவது வாரம் எனக்கு அழைப்பு வந்தது.

“கோடு வரவே மாட்டேங்குதும்மா, கெட்டுப்போச்சா?”

“இப்ப எப்படிம்மா எனக்கு போன் பண்ணீங்க?”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “இழுத்தேன்” என்றார்.