தகர டிக்கெட்

இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரப்பட்ட உலோக வில்லை. அன்றைய திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் மாவட்டங்களில் ஆள் பிடித்த கங்காணிகளிடம் தோட்டத் துரைமார் இவற்றைக் கொடுத்தனுப்பினர்.

வில்லையில் தோட்டம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதற்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண் பொறித்திருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இப்படி ஆட்கள் போன இடங்களில் ஒன்றான கோவில்பட்டி வட்டாரம் மானாவாரிக் கரிசல். மழை பொய்த்தால் பருத்தியும் போச்சு, கம்பும் சோளமும் போச்சு. மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை திறந்த 1876ஆம் ஆண்டிலேயே தாது வருஷப் பஞ்சமும் வந்தது. கோவில்பட்டியில் ரயிலேறினால் கடம்பூர், மணியாச்சி தாண்டித் தட்டப்பாறை. இலங்கை அரசின் முகாம் அங்கே இருந்தது. காலராவும் பிளேக்கும் கடல் தாண்டிவிடாதபடி ஆட்களைச் சில நாள் தங்கவைத்துத்தான் தூத்துக்குடியில் கப்பலேற்றினார்கள். வில்லையைக் காட்டினால் போதும், கையில் காலணா இல்லாதவரும் அக்கரை சேரலாம்.

செலவை அரசு தோட்டத்திடம் வாங்கியது. தோட்டம் அதைக் கங்காணியின் பற்றில் எழுதியது. கங்காணி ஆளின் தலையில் ஏற்றினார். வேலை தொடங்குமுன்பே கடன் தொடங்கிவிட்டது.

உலோக வில்லைகள் வேறு வேலைகளுக்கும் பயன்பட்டதுண்டு. சில்லறை கிடைக்காத இங்கிலாந்தில் 1648 முதல் 1672 வரை மதுக்கடைக்காரர்களும் வணிகர்களும் சொந்தமாக ஃபார்திங், அரைப்பென்னி வில்லைகள் அடித்தனர். 19ஆம் நூற்றாண்டுக் கொழும்பில் காப்பி ஆலைகள் கூலிக்குப் பதில் டோக்கன் கொடுத்தன. அவற்றிலெல்லாம் வெளியிட்டவரே கடனாளி. கொண்டுவந்து நீட்டினால் அவர் மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். தகர டிக்கெட்டிலோ அதைச் சுமந்தவரே கடனாளி. ஆகவே இதைப் பயண உதவி என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமல்ல.

1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்தபின் போக்குவரத்து மெல்ல மண்டபம் பக்கம் திரும்பியது. கங்காணியின் கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதித் தந்த ‘துண்டு’ 1921இல் தடை செய்யப்பட்டது. 1923 முதல் பயணச் செலவைத் தோட்டங்கள் பொதுநிதி வழியே ஏற்றன. அதைத் தொழிலாளியிடம் வசூலிப்பது நின்றது.