சர்க்கரையைப் பிடிக்கிற கை

கொஞ்சம் நீளமான இழை. டீயோட உட்காருங்க.

ஆபரேஷன் முடிஞ்சு, சிறுநீர்க் குழாயோட படுத்திருந்த ஒரு அம்மா. பத்து வருஷச் சர்க்கரை நோய். சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘கேண்டிடா கிளாப்ரேட்டா’ என்று வந்திருந்தது. ஈஸ்ட் வகைப் பூஞ்சை. பையன் போனில் எதையோ படித்துவிட்டுச் சொல்லியிருக்கிறான். அவங்க என்னிடம் கேட்டாங்க: “சார், இந்தக் கிருமி சர்க்கரையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உடம்புல தொங்குமாமே. அப்ப என் சுகரைக் குறைச்சா கையை விட்டுடுமா?”

பையன் படித்தது சரி. ஆனால் அது வேற சர்க்கரை.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் வெளியே சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஒரு மேல்பூச்சு இருக்கிறது. புல்தரை மாதிரி கற்பனை பண்ணிக்கோங்க. ரத்தத்தில் ஓடுகிற குளுக்கோஸ் இல்லை இது. கேலக்டோஸ், மேனோஸ், சியாலிக் அமிலம் என்று பலதும் கோத்த சங்கிலிகள். சுகர் 90 இருந்தாலும் 400 இருந்தாலும் இந்தப் புல்தரை உங்களுக்கும் எனக்கும் உண்டு. கிருமி பிடிப்பது இதன் நுனியை.

இதைக் கண்டுபிடித்த கதை ஆமணக்கில் ஆரம்பிக்கிறது. 1888. ரஷ்யப் பேரரசில் இருந்த டோர்பாட் பல்கலைக்கழகம், இன்றைக்கு எஸ்டோனியாவின் டார்ட்டு. பீட்டர் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற மாணவர் டாக்டர் பட்டத்துக்காக ஆமணக்கு விதையின் நஞ்சை ஆராய்கிறார். விதையிலிருந்து எடுத்த புரதத்தை ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்து போகின்றன. ஏன் ஒட்டுது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. (பயப்படாதீங்க, அந்த நஞ்சு எண்ணெயில் கரையாது. பாட்டி கொடுத்த விளக்கெண்ணெய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.)

விடைக்கு 48 வருஷம் ஆனது. 1936இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர், நம்ம வாளவரைக்கு உறவான ஜேக் பீன் என்ற அவரையின் புரதத்தை வைத்து அதே மாதிரி ஒட்ட வைத்தார். கூடவே கரும்புச் சர்க்கரையைக் கலந்தால் ஒட்டுவது நின்று போனது. அப்படியென்றால் அந்தப் புரதம் செல்லின் மேலே பிடித்துக்கொண்டிருந்ததும் ஒரு சர்க்கரையைத்தான்! கையில் வேறு சர்க்கரையைத் திணித்தால் பழையதை விட்டுவிடுகிறது. இந்த வகைப் புரதங்களுக்கு 1954இல் வில்லியம் பாய்ட் ‘லெக்டின்’ என்று பெயர் வைத்தார். தேர்ந்தெடுப்பது என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து. ஆமணக்குப் புரதம் தேர்ந்தெடுப்பது கேலக்டோஸை. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இப்ப ஈஸ்டுக்கு வருவோம். பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. நொதித்தல் முடிகிற நேரத்தில் கலங்கலாக மிதந்த ஈஸ்ட் திடீரென்று கட்டி கட்டியாகச் சேர்ந்து அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த பீர். முன்கூட்டியே படிந்தால் பீர் பாழ், படியவே இல்லை என்றால் வடிகட்டுகிற செலவு. அதனால் காசு சம்பந்தப்பட்ட கேள்வி இது. 1982இல் ஒரு கனடா ஆய்வுக்குழு விளக்கம் சொன்னது: ஈஸ்டின் மேலே லெக்டின் இருக்கிறது, அது பக்கத்து ஈஸ்டின் மேலிருக்கும் மேனோஸைப் பிடிக்கிறது, கால்சியம் இருந்தால்தான் பிடிக்கும். தொட்டியில் சர்க்கரை இருக்கும்வரை கை அந்தச் சர்க்கரையிலேயே நிரம்பியிருக்கும். அது தீர்ந்ததும் கை காலி, பக்கத்தில் இருப்பவனைப் பிடித்துக்கொள்கிறது. சம்னரின் சோதனை பீர்த் தொட்டிக்குள் தானாகவே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

நடுவில் 1977இல், இஸ்ரேலின் நாதன் ஷாரோனும் கூட்டாளிகளும் ஈ.கோலை பாக்டீரியா நம் செல்லின் மேனோஸைப் பிடித்து ஒட்டுகிறது என்று காட்டினார்கள். மருந்துக்கடையில் விற்கிற டி-மேனோஸ் பொடிக்குப் பின்னால் இருக்கிற யோசனை அதுதான். அழகான யோசனை. ஆனால் 2024இல் பிரிட்டனில் வெளிவந்த பெரிய ஆய்வில், திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கு அது பலன் தரவில்லை. நம்ம கிளாப்ரேட்டாவுக்கோ அந்தப் பொடி கதவையே தட்டாது. ஏன் என்று கீழே.

கிளாப்ரேட்டா மருத்துவத்தில் ரொம்ப காலம் கண்டுகொள்ளப்படாத கிருமி. 1917இல் விவரிக்கப்பட்டது. பெயருக்கு ‘வழுக்கை’, ‘வழவழப்பு’ என்று அர்த்தம். அண்ணன் ஆல்பிகன்ஸ் மாதிரி நீண்ட இழை விட்டுத் திசுவைத் துளைக்காது. வெறும் குட்டி உருண்டை. இதனால் என்ன செய்ய முடியும் என்றுதான் நினைத்தார்கள். அப்புறம் 1990களில் ஃப்ளூகோனசோல் மாத்திரை பரவலானது, அதற்குச் சுலபத்தில் மசியாத இந்த உருண்டை வார்டுகளில் தலைதூக்கியது. பல்லும் நகமும் இல்லாதது எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது?

ஸ்டான்ஃபோர்டில் ஸ்டான்லி ஃபால்கோவின் கூடத்தில் பிரெண்டன் கார்மாக் இதைக் கையில் எடுத்தார். ஒரு கிருமியின் மரபணுவை எடுத்தால் நோய் குறையணும், திரும்ப வைத்தால் நோய் வரணும், அப்பத்தான் அதைக் குற்றவாளி என்று சொல்லலாம் என்று மொத்தத் துறைக்கும் 1988இல் விதி எழுதியவரே இந்த ஃபால்கோதான். ஈஸ்டின் மரபணுக்களை எங்கெங்கோ உடைத்து, ஒட்டத் தெரியாமல் போனவற்றைத் தேடினார்கள். 1999இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. ஈபிஏ1 என்ற ஒரே மரபணுவை நீக்கினால் மனிதச் செல்லோடு ஒட்டுவது 95 சதவீதம் குறைகிறது. ஒட்டவே தெரியாத பீர் ஈஸ்டுக்கு அதைக் கொடுத்தால் அதுவும் ஒட்டுகிறது. பிடிப்பது கேலக்டோஸை. ஆமணக்கு பிடித்த அதே கேலக்டோஸ். அதுவும் மேலே சியாலிக் அமிலத் தொப்பி இல்லாத நுனியை மட்டும். மேனோஸ் பொடி ஏன் வேலைக்கு ஆகாது என்று இப்ப புரிஞ்சிருக்கும்.

இதோட கதை முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அந்த மரபணு இல்லாத ஈஸ்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் உடம்பில் அது சாதாரண ஈஸ்ட் மாதிரியே ஜம்முனு குடியேறியது. கண்ணாடித் தட்டில் 95 சதவீதம், எலியில் ஒன்றுமே இல்லை. சொந்த ஆசானின் விதியிலேயே கண்டுபிடிப்பு தேறவில்லை. அதை மறைக்காமல் அதே கட்டுரையில் எழுதினார்கள் பாருங்க, எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் அது.

பிறகு புரிந்தது, இருப்பது ஒரு கை இல்லை. ஈபிஏ ஒரு கூட்டுக்குடும்பம். ஈஸ்டுக்கு ஈஸ்ட் எண்ணிக்கை மாறும், 20-ஐ ஒட்டி இருக்கும். பெரும்பாலானவை குரோமோசோம்களின் நுனிப்பக்கத்தில், வாய் கட்டப்பட்ட நிலையில். ஆய்வகத் தட்டில் வேலை செய்தது பெரும்பாலும் முதல் ஆள் மட்டுமே.

அந்தக் கட்டை அவிழ்ப்பது எது? 2005இல் கார்மாக்கின் குழுவே சொன்னது: வைட்டமின் பி3. வாய் கட்டும் வேலையைச் செய்யும் புரதத்துக்கு என்ஏடி என்ற மூலக்கூறு வேணும். என்ஏடியை ஆரம்பத்திலிருந்து தயாரிக்கும் திறனை கிளாப்ரேட்டா இழந்துவிட்டது. நிக்கோடினிக் அமிலம், அதாவது பி3, வெளியிலிருந்து கிடைக்கணும். சிறுநீரில் அது ரொம்பக் கம்மி. அங்கே போனதும் காவல் தளர்ந்து, ஒளித்து வைத்த கைகள் வெளியே வருகின்றன. தன்னுடைய குறையையே, நான் இப்ப எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளும் மணியாக வைத்திருக்கிறது இந்த வழுக்கை உருண்டை. (உடனே பி3 மாத்திரை வாங்க ஓடாதீங்க. இது எலியில் பார்த்தது, சிகிச்சை இல்லை.)

கடைசித் துண்டு ஜெர்மனியின் மார்பர்க்கிலிருந்து வந்தது. 2010இல் பீர் ஈஸ்டின் கை, 2012இல் கிளாப்ரேட்டாவின் கை, இரண்டையும் அணு அணுவாகப் படம் பிடித்தார்கள். ஒரே அச்சு. உள்ளங்கையில் அதே கால்சியம். விரல் மடிப்புகள் மட்டும் கொஞ்சம் மாறி, ஒன்று சகோதர ஈஸ்டின் மேனோஸைப் பிடிக்கிறது, மற்றது நம் கேலக்டோஸை.

மருத்துவனாக எனக்கு உறுத்துவது இது. கிளாப்ரேட்டாவுக்கு நன்றாக வேலை செய்யும் எக்கினோகேண்டின் ஊசிகள் ரத்தத்தில் சூரர்கள், சிறுநீரில் போதிய அளவு சேர்வதில்லை. கைகள் அதிகமாக வெளிவரும் அதே இடத்தில். 2022இல் உலக சுகாதார நிறுவனம் கவனிக்க வேண்டிய பூஞ்சைகளின் பட்டியல் போட்டபோது இதை ‘உயர்’ பிரிவில் வைத்தது. அந்தக் கையைத் தடுக்கும் மருந்து இன்னும் வார்டுக்கு வரவில்லை.

அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை. குழாயை எடுத்தோம், பூஞ்சை மருந்து எழுதவில்லை. சுகரைக் குறைங்கம்மா, வெள்ளையணுக்கள் ஒழுங்கா வேலை செய்யும், புண் ஆறும், அதுக்காகக் குறைங்க, ஆனா அதுக்காக இந்தக் கிருமி கையை விடாது என்றேன். “அப்ப பையன் சொன்னது பாதி சரி”ன்னாங்க.