பிஎம்பி கோப்பின் பிக்சல் அணி

பிஎம்பி கோப்பில் தலைப்புப் பகுதிகளை அடுத்து, படத்தின் நிறமதிப்புகளைத் தாங்கி நிற்கும் பைட் வரிசை பிக்சல் அணி எனப்படும். பிஎம்பி, மைக்ரோசாஃப்ட் விண்டோஸுடன் வளர்ந்த ராஸ்டர் பட வடிவம். இதில் பெரிதும் வழங்கும் 40 பைட் தகவல் தலைப்பு, 1990இல் வெளியான விண்டோஸ் 3.0உடன் வந்தது.

கோப்பை முழுதாக நினைவகத்தில் ஏற்றினால் முதலிரு பைட்டுகள் 66, 77 என இருக்கும். இவையே அடையாளக் குறி. கோப்புத் தலைப்பு 14 பைட். சுழியத்திலிருந்து எண்ணினால், 10ஆம் இடத்திலுள்ள நான்கு பைட் எண், பிக்சல்கள் தொடங்கும் இடத்தைச் சொல்லும். அகலம் 18ஆம் இடத்திலும் உயரம் 22ஆம் இடத்திலும் உள்ளன. பல பைட் எண்களில் சிறுமதிப்புப் பைட்டே முன்னால் வரும்.

24 பிட் படத்தில் ஒரு பிக்சலுக்கு மூன்று பைட். வரிசை நீலம், பச்சை, சிவப்பு. புதியவர்களின் படங்களில் சிவப்பும் நீலமும் இடம்மாறுவது பெரும்பாலும் இதனால்தான். ஒவ்வொரு வரியின் நீளமும் நான்கின் மடங்காக நிரப்பப்படும்: 5 பிக்சல் அகல வரிக்கு 15 பைட் போதும், ஆனால் 16 எழுதப்படும். வரிகள் கீழிருந்து மேலாக அடுக்கப்படும். உயரம் எதிர்மறை எண்ணானால் மேலிருந்து கீழாக.

இந்தப் பைட்டுகளை ஜாவா நிரலில் படிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு: அம்மொழியில் பைட் −128 முதல் 127 வரையிலான குறியுடை எண். ஆகவே 255 என்னும் முழுச்செறிவு −1 எனப் படிக்கப்படும். 255உடன் பிட்வாரி 'அண்ட்' செய்து மீட்பது வழக்கம்.

பிஎன்ஜி, ஜேபெக் கோப்புகள் சுருக்கப்பட்டவை. குறிநீக்கிய பின்னரே அவற்றின் பிக்சல்களை இவ்வாறு அணுகலாம்.