வெண்ணெயும் மாரடைப்பும்: வட கரேலியாவின் கால் நூற்றாண்டு

பின்லாந்தின் கிழக்கு எல்லையில், ரஷ்யாவை ஒட்டிக் காடும் ஏரியுமாகப் பரந்து கிடக்கும் வட கரேலியா மாகாணத்தில், 1960களில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்த நிலையில் இருந்தது. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், கிழக்குப் பின்லாந்தின் ஆண்களே இதயத் தமனி நோய்க்கு, அதாவது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் கொழுப்புப் படிந்து அவை அடைபடும் நோய்க்கு, மிகுதியாகப் பலியாவது தெரியவந்தது. அவர்கள் உட்கார்ந்து உண்ணும் செல்வந்தர்கள் அல்லர்; மரம் வெட்டியும் பண்ணையில் உழைத்தும் வாழ்ந்தவர்கள் என்பதால், உடலுழைப்பு இருந்தால் இதயத்துக்குக் கேடு வராது என்ற நம்பிக்கை அங்கே பொய்த்தது.

இந்நிலைக்கு வழிவகுத்த உணவுப் பழக்கம் அம்மண்ணில் தொன்றுதொட்டு வந்ததன்று. இரண்டாம் உலகப் போரின் முடிவில் கரேலியாவின் ஒரு பகுதியைச் சோவியத் ஒன்றியத்திடம் இழந்த பின்லாந்து, அங்கிருந்து இடம்பெயர்ந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கும் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கும் நிலம் பகிர்ந்தளித்தது. காடு திருத்தி உருவாக்கப்பட்ட சிறு பண்ணைகளுக்குக் கறவை மாடுகளே பிழைப்பாயின. மீனும் காட்டுப் பழங்களும் முன்பு பெற்றிருந்த இடத்தை, பாலும் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டன. ரொட்டியில் தடித்துப் பூசிய வெண்ணெயும் உணவோடு அருந்தும் ஆடை நீக்காத பாலும் வறுமையைக் கடந்ததன் அடையாளங்களாக மதிக்கப்பட்டன. காய்கறியோ மாட்டுத் தீவனமாகவே பலராலும் கருதப்பட்டது. ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் புகைபிடித்தனர்.

இவற்றை நோயோடு இணைத்துப் பார்க்கும் அறிவு அக்காலத்தில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 1948இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகுந்த கொலஸ்ட்ரால் ஆகியவை நோய்க்கு முன்னோடிகளாக அமைவதை 1961இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டியது. நோயாக இல்லாவிட்டாலும் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் இத்தகைய நிலைகளும் பழக்கங்களுமே ஆபத்துக் காரணிகள் எனப்பட்டன.

1971 ஜனவரியில், வட கரேலியா மாகாண ஆளுநர் எசா டிமோனெனும் அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் மக்கள் அமைப்புகளின் பிரதிநிதிகளும் கையொப்பமிட்டு, இதயநோய்ச் சாவுகளைத் தடுக்க உதவி வேண்டும் என்று மைய அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர். அதன் விளைவாக 1972இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு வட கரேலியாத் திட்டம் பிறந்தது. முப்பது வயதைக்கூட எட்டாத மருத்துவர் பெக்கா புஸ்கா அதற்குத் தலைமையேற்றார்; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அண்டையிலிருந்த குவோப்பியோ மாகாணமும் ஆய்வில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டின் கணக்கெடுப்பில் வட கரேலிய ஆண்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் என்றும் சராசரி இரத்த அழுத்தம் 149/92 என்றும் பதிவாயின. அழுத்தம் உயர்ந்திருந்தவர்களில் சிறுபான்மையினரே முறையான சிகிச்சையில் இருந்தனர்.

மருத்துவமனைக்குள் மட்டும் இதைத் தீர்க்க முடியாது என்பதை உணர்ந்த புஸ்காவின் குழு, பணியை ஊர்களிடமே ஒப்படைத்தது. பொதுச் சுகாதாரச் செவிலியர்கள் இரத்த அழுத்தத்தை அளந்து, உயர்ந்திருந்தோரைப் பதிவேட்டில் சேர்த்து, தொடர்ந்து வரவழைத்துக் கண்காணித்தனர். 1899இல் தோன்றிய மார்த்தா என்னும் இல்லத்தரசியர் அமைப்பின் பெண்கள் ஊர்தோறும் விருந்துகள் நடத்தி, பன்றி, மாடு, ஆட்டு இறைச்சிகளைச் சேர்த்து அடுப்பில் நெடுநேரம் வேகவைக்கும் கரேலிய இறைச்சிக் குழம்பைக் கொழுப்பும் உப்பும் குறைத்துக் காய்கறி கூட்டிச் சமைத்துக் காட்டினர். உண்டவர்கள் சுவை கெடவில்லை என்று கண்டபின் செய்முறை வீடுகளுக்குச் சென்றது. காப்பியிலும் மாற்றம் நேர்ந்தது. தூளை நீரிலிட்டுக் கொதிக்கவைக்கும் பழைய முறையில் கொலஸ்ட்ராலை உயர்த்தும் எண்ணெய்ப் பொருட்கள் கோப்பைக்கு வந்துசேர்கின்றன. காகித வடிகட்டி அவற்றைப் பெருமளவு தடுத்துவிடுவதால், வடிகட்டிக் காப்பி பரவியதும் கொலஸ்ட்ரால் குறைய ஒரு காரணமாயிற்று.

மாடு வளர்த்துப் பிழைக்கும் ஊரில் வெண்ணெயைக் குறைக்கச் சொல்வது வருவாயில் கைவைப்பதாகவும் இருந்ததால், பால் துறையின் எதிர்ப்பு கடுமையாகவே எழுந்தது. அறிவுரையால் மட்டும் அதனை வெல்ல இயலாத நிலையில், பொருளாதார ஏற்பாடுகளே வழிதிறந்தன: கொழுப்பின் அளவை வைத்துப் பாலுக்கு விலை வைத்த முறை படிப்படியாகப் புரதத்தின் பக்கம் திரும்பியது, வெண்ணெயோடு தாவர எண்ணெய் கலப்பதைத் தடுத்த சட்டம் தளர்த்தப்பட்டது, குளிர் தாங்கும் கடுகின எண்ணெய் வித்து உள்நாட்டிலேயே பயிரானது, பண்ணையாளர்கள் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு ஊக்குவிக்கப்பட்டனர். 1976ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் விளம்பரத்தைத் தடைசெய்து, பொது இடங்களில் புகைபிடிப்பதைக் கட்டுப்படுத்தியது.

முதல் ஐந்தாண்டுக்குப் பின் நாடு முழுவதற்கும் வழிகாட்டியாக விரிந்த திட்டம், 1997இல் முறைப்படி நிறைவுற்றது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளோடு ஒப்பிட, 2006இல் வட கரேலியாவின் 35 முதல் 64 வயது வரையிலான ஆண்களிடையே இதயத் தமனி நோய்ச் சாவு ஏறத்தாழ 85 விழுக்காடு குறைந்திருந்தது. 2007இல் சராசரிக் கொலஸ்ட்ரால் 210 மில்லிகிராம் அளவுக்கும் இரத்த அழுத்தம் 138/83க்கும் இறங்கியிருந்தன. ஆயினும் குவோப்பியோவிலும் நாட்டின் பிற பகுதிகளிலும் சாவுகள் வேகமாகக் குறைந்ததால், இவ்வீழ்ச்சியில் திட்டத்தின் தனிப்பங்கு எவ்வளவு என்று ஐயுற்ற அறிஞர்களும் உண்டு. பிற்காலத்தில் மேம்பட்ட மருந்துகளுக்கும் அறுவை சிகிச்சைக்கும் உரிய பங்கையும் மறுப்பதற்கில்லை. மக்களின் உடல் எடை மட்டும் குறையாமல் கூடியே வந்தது. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் வட கரேலியா நிறுவிய உண்மை ஒன்று எஞ்சுகிறது: பால் விலையும் சந்தைப் பொருளும் சட்டமும் மாறிய பிறகே அங்கே தனிமனிதரின் மனவுறுதிக்குப் பலன் கிடைத்தது, ஆகவே இதயநோய்த் தடுப்பு மருத்துவத் துறையின் பொறுப்பாக இருக்கும் அளவுக்கு வேளாண்மை, வணிகத் துறைகளின் பொறுப்பாகவும் இருக்கிறது.