சிவகங்கைச் சீமையும் எழுதப்படாத உயிலும்

1829 ஜூலையில் சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லப உடையத் தேவர் காலமானார். ஏழு பேரை மணந்தவர். மூன்று மனைவியர் அப்போது உயிரோடிருந்தனர். பெண் மக்கள் உண்டு, ஆண் வாரிசு இல்லை. தமக்குப் பின் சீமை யாருக்கு என்று சொல்ல, நீதிமன்றத்தில் நிலைத்து நிற்கும்படியான உயில் எதையும் அவர் விட்டுச்செல்லவில்லை. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 34 ஆண்டுகள் ஆயின. அதுவும் லண்டனிலிருந்துதான் வந்தது.

அந்த ஜமீன் அவர் கைக்கு வந்ததே ஒரு போரின் நடுவில். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பே, சண்டை ஓயாத நேரத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியார் படமாத்தூர் கௌரி வல்லபரை ஜமீன்தாராக அறிவித்துவிட்டார்கள். 1803இல் நிரந்தர சன்னதும் கொடுத்தார்கள். அவருடைய அண்ணன் ஓயாத் தேவர் 1815இல் இறந்தார். அவருக்குப் பிள்ளைகள் இருந்தனர். ஜமீன்தார் கண்ணை மூடியதும் அண்ணன் மகன் சீமையைக் கைப்பற்றிக்கொண்டார். அரசாங்கமும் அதை ஏற்றுக்கொண்டது.

சட்டம் கேட்ட கேள்வி பங்காளிச் சண்டை பார்த்த எவருக்கும் புரியும். அண்ணனும் தம்பியும் பாகம் பிரிந்தவர்களா, பிரியாதவர்களா? பிரியாத கூட்டுக்குடும்பம், சொத்தும் குடும்பச் சொத்து என்றால் எஞ்சியிருக்கும் ஆண்களுக்கே உரிமை. விதவைக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம்தான். தனிச் சொத்து என்றால் முதலில் மனைவி, அவருக்குப் பின் மகள். அங்கமுத்து நாச்சியார் என்ற விதவை இந்த வழக்கை விடாமல் நடத்தி, முடிவு காணாமலே இறந்தார். அதன் பிறகு ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

1863 நவம்பர் 30 அன்று பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. குடும்பம் பிரிந்ததா என்ற விசாரணையிலேயே இங்கிருந்த நீதிமன்றங்கள் உழன்றுகொண்டிருக்க, லண்டன் நீதிபதிகள் வேறு இடத்தில் கை வைத்தார்கள். குடும்பம் பிரியாமல் இருந்திருந்தாலும் சரி, இந்தச் சீமை அரசாங்கம் அந்த ஒருவருக்குக் கொடுத்தது, ஆகவே அது அவர் தனிச் சொத்து, மகளுக்கே சேரும். காத்தம நாச்சியார் ஜெயித்தார். 1877இல் அவர் இறந்ததும் அடுத்த வாரிசு யார் என்று வழக்கு மறுபடி கிளம்பி, 1881இல் மறுபடி பிரிவி கவுன்சில் வரை போனது வேறு கதை. அந்த 34 ஆண்டுகளில் வக்கீல்களுக்கும் வட்டிக்காரர்களுக்கும் சீமையின் வருமானம் எவ்வளவு போயிருக்கும் என்று வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஜமீன்தாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. உயில் எழுதியிருந்தாலும் அது செல்லுமா என்பதே அன்று சந்தேகம். பழைய தர்மசாஸ்திரங்களில் பாகப்பிரிவினை உண்டு, தானம் உண்டு, தத்து உண்டு, உயில் கிடையாது. சென்னைப் பட்டணத்தில் வெள்ளைக்காரர் நீதிமன்றங்களைப் பார்த்துத்தான் துபாஷிகளும் வியாபாரிகளும் அதைப் பழகினார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் பச்சையப்ப முதலியார். 1794 மார்ச்சில், இறப்பதற்குச் சில நாள் முன்பு, பெருஞ்செல்வத்தைக் கோயில்களுக்கும் தர்மங்களுக்கும் எழுதிவைத்தார். அப்படி எழுதியும் தகராறுகள் கிளம்பின. 1832இல் சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்டுத் திட்டம் வகுத்த பிறகே பணம் ஒழுங்குக்கு வந்தது. 1842இல் அதிலிருந்து பள்ளிக்கூடம் பிறந்தது. இன்றைய பச்சையப்பன் கல்லூரிக்கு அதுதான் தொடக்கம். தாமதமானாலும் முதலியாரின் விருப்பம் காகிதத்தில் இருந்ததால்தான் நீதிபதிகளால் அதைத் தேடிப் பிடிக்க முடிந்தது.

பட்டணத்துக்கு வெளியே நிலைமை வேறு. கௌரி வல்லபர் இறந்த அதே 1829இல் சென்னை அரசாங்கம் ஐந்தாம் எண் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது: இந்துக்களின் உயில், இந்து சட்டத்துக்கு ஒத்துப்போகிற அளவுக்கு மட்டுமே செல்லும். பிரிவி கவுன்சில் 1856இல் ஒரு சென்னை வழக்கில் இந்துவுக்கும் உயில் எழுத உரிமையுண்டு என்று ஏற்ற பிறகுதான் பிடி தளர்ந்தது. 1870இன் இந்து உயில்கள் சட்டம் இந்த மாகாணத்தில் சென்னை நகரத்தோடு நின்றது. வெளியூர்களில் 1926 வரை வாய்மொழி உயில்கூடச் செல்லுபடியானது. சாகக் கிடப்பவர் என்ன சொன்னார் என்று சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சாட்சி சொல்ல எவ்வளவு வசதி! 1927 ஜனவரி 1 முதல்தான் எங்கும் எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்றானது. கூட்டுக்குடும்பச் சொத்தில் தன் பங்கைக்கூட உயில் எழுதலாம் என்றது 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம்.

சிவகங்கை வழக்கு செத்துப்போகவில்லை. தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் 1938இல் நீதிமன்ற ஏலத்தில் நிலம் வாங்கினார். உயில் எழுதாமல் இறந்தார். ஒரே மகள், அவரும் 1967இல் குழந்தையில்லாமல் இறந்தார். நிலம் யாருக்கு? விவசாயி 1949இல் இறந்தாரா, 1957இலா என்பதே வழக்கில் பெரிய சர்ச்சை. 1956 சட்டம் நடுவில் கிடக்கிறதே! அவருடைய சகோதரரின் மகள் தன் பங்கைக் கேட்டுத் தொடுத்த வழக்கு 1994இல் தள்ளுபடி, உயர் நீதிமன்றத்தில் 2009இல் தள்ளுபடி. 2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. விவசாயி தானே சம்பாதித்த சொத்து, பழைய சட்டப்படியும் மகளுக்கே சேர்ந்தது, அவருக்குப் பின் தந்தைவழி வாரிசுகளுக்குப் போகும் என்ற அந்தத் தீர்ப்பில் காத்தம நாச்சியார் வழக்கும் பேசப்படுகிறது.

உயில் இல்லாதபோது சட்டம் செய்யும் பங்கீடு பலருக்கு அதிர்ச்சியாகவே இருக்கும். இந்து ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, மக்களோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு. தந்தைக்கு அந்த வரிசையில் இடமில்லை. பட்டா மாற்றப் போய் நிற்கும்போதுதான் குடும்பத்துக்கு இது தெரியவரும். பெண்ணுக்கு இன்னும் விசித்திரம். பிள்ளையில்லாத விதவை தன் உழைப்பில் வாங்கிய வீடு, அவர் உயிலின்றி இறந்தால், முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தகப்பன் அதற்குப் பிறகுதான். 2009இல் ஒரு வழக்கில், கணவர் இறந்தபின் பிறந்த வீட்டார் படிக்கவைத்த பெண்ணின் சேமிப்பு, அவரை விரட்டிய புகுந்த வீட்டாருக்கே போனது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

இதைத் தடுக்க முத்திரைத்தாள்கூட வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் அறியக் கையெழுத்திட்டு, அவர்களிடமும் கையெழுத்து வாங்கினால் உயில் செல்லும். வயதில் இளைய சாட்சிகளாக இருந்தால் நல்லது, பின்னாளில் கூண்டில் ஏற ஆள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பங்காளிகள் உள்ள வீட்டில் பதிந்து வைப்பதே புத்திசாலித்தனம். சொந்தமாகச் சம்பாதித்த பெண்கள் இதைத் தள்ளிப்போடாமல் இந்த வருடமே எழுதிவிட வேண்டும்.