மெட்டி ஒலி ஓடின வருசம்

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "பட்டாசு வேலையில எந்த வருசம் சேர்ந்தீங்க?"

அம்மா யோசிக்கவே இல்லை. "படையப்பா வந்த வருசம் சார். சித்தி நாடகம் அதுக்குப் பெறகுதான் ஆரம்பிச்சாக."

அவர் சிரித்தார். பக்கத்து மேசையிலும் சிரிப்பு. "நாடகம் பாத்த வருசமெல்லாம் ஞாபகம் இருக்கு, வேலை பாத்த வருசம் மட்டும் மறந்துபோச்சாக்கும்? வருசத்த சரியா எழுதிட்டு வாங்கம்மா" என்று ஓய்வூதிய விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட அம்மா மேல் வந்த கோபம்தான் அதிகம். படித்த மகள் பக்கத்தில் நிற்கும்போது இப்படியா மானத்தை வாங்குவது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனைக்குட்டத்துக்குப் பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. படையப்பா 1999 ஏப்ரலில் வந்தது. சித்தி அதே வருடம் டிசம்பரில் சன் டிவியில் தொடங்கியது. கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாத என் அம்மா, தான் வேலைக்குச் சேர்ந்த நாளை எட்டு மாத இடைவெளிக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். அவள் கூலி வாங்கிய இடங்கள் எதிலும் அந்த அளவுக்குக்கூடப் பதிவு கிடையாது.

நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கும் சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அர்ஜுனா நதியின் குறுக்கே அணை இருப்பதால் வரைபடத்தில் பெயர் தெரியும். அந்தக் காலண்டர்களை மடித்து, கட்டி, பெட்டியில் அடுக்கிய பெண்கள், தங்கள் வாழ்க்கையின் வருடங்களைச் சினிமாவையும் சீரியலையும் வைத்துத்தான் சொல்கிறார்கள். அன்று இரவு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் உட்கார்ந்தேன். விண்ணப்பத்துக்காகத் தொடங்கிய கணக்கு, எங்கள் தெருப் பெண்கள் படம் பார்த்த வரலாறாக முடிந்தது.

"மொத மொதல்ல எப்ப வேலைக்குப் போன?"

"உலகம் சுற்றும் வாலிபன் எங்க ஊரு கொட்டகைக்கு வந்தப்ப."

அந்தப் படம் 1973 மே மாதம் வெளியானது. ஆனால் டூரிங் டாக்கீசுக்கு ஒரு படம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் வருடமே ஆகும். ஆகவே 1973 அல்லது 1974. அம்மாவுக்கு 12, 13 வயது. சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை. எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ்தான். கட்டைக் கணக்குக்குக் கூலி. எத்தனை கட்டை அடுக்கினாளோ அத்தனைக்குக் காசு.

கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர். பெண்கள் டிக்கெட்டுக்குத் தனி வழி. சம்பாதித்த காசு கையில் இருந்தாலும் தனியாகப் போக முடியாது. ஒரு அத்தையோ மதினியோ கூட வரவேண்டும், அப்பா சம்மதிக்க வேண்டும், மறுநாள் விடிகாலை ஆபீஸ் வண்டிக்கு எழுந்தாக வேண்டும். இத்தனையும் கூடிவந்தால்தான் படம். 1977இல் எம்.ஜி.ஆர். எங்கள் மாவட்டத்து அருப்புக்கோட்டையில் நின்று வென்று முதலமைச்சர் ஆனார். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் ரசிகர் மன்றங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மன்றங்களில் இருந்தவர்கள் ஆண்கள். மண்சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மன்றமும் இல்லை, கொடியும் இல்லை.

விருதுநகர்க்காரரான வசந்தபாலன் எடுத்த வெயில், 2006இல் வந்து தேசிய விருது வாங்கியது. சினிமாவுக்குப் போனதற்காக அப்பாவிடம் கொடிய தண்டனை பெற்று ஊரைவிட்டே ஓடிப்போகும் பையனின் கதை. எங்கள் வெயிலும் புழுதியும் அந்தப் படத்தில் அப்படியே இருந்தன. நானும் அழுதுகொண்டுதான் பார்த்தேன். படம் முடிந்ததும் அம்மா கேட்டாள், "அவன் ஓடிப்போயிட்டான். பொட்டப்பிள்ள எங்கிட்டு ஓடுவா?" படத்தைக் குறை சொல்ல அவள் அதைக் கேட்கவில்லை. சினிமா மேல் பைத்தியமாகி ஓடிப்போனவன் கதையாகிறான். அதே பைத்தியம் பிடித்து, ஓட முடியாமல், மறுநாள் குச்சி அடுக்கப் போனவளுக்குக் கதை இல்லை.

அடுத்தது 1992. பொங்கலுக்கு மன்னன் வந்தது. கடைசித் தம்பி பிறந்தது அப்போது. அம்மா ஆபீசை விட்டு வீட்டிலேயே பெட்டி ஒட்டத் தொடங்கினாள். குரோஸ் கணக்கு, 144 பெட்டி ஒரு குரோஸ். எனக்குப் பத்து வயது, பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் ஒட்டினேன். மன்னனில் விஜயசாந்தி ஆலையை ஆளும் முதலாளி. கடைசியில் வீட்டோடு இருக்கும் மனைவியாகிறாள். ஊரே கைதட்டிய முடிவு அது. வீட்டோடு இருந்தால் நல்ல பெண் என்றால், என் அம்மா வீட்டோடு இருந்து நாள் முழுக்கப் பசை தடவினாளே, அது எந்தக் கணக்கில் வரும்? படத்திலும் அதற்குக் கணக்கில்லை, விண்ணப்பத்திலும் இல்லை. வீட்டில் ஒட்டிய ஏழு வருடத்துக்குச் சான்று தர எந்த முதலாளி வருவார்?

படையப்பாவில் நீலாம்பரி. நான் அப்போது பிளஸ் டூ. பெண் எப்படி இருக்க வேண்டும் என்று ரஜினி பாடம் எடுக்கும் காட்சியில் தியேட்டர் அதிர்ந்தது. ஆனால் ரம்யா கிருஷ்ணன் ஊஞ்சல் காட்சியில் உட்கார்ந்திருந்ததை, நாங்கள் தோழிகள் வீட்டுக்கு வந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடித்துப் பார்த்தோம். சௌந்தர்யாவை யாரும் நடித்துப் பார்க்கவில்லை. யாரைப் போல இருக்க வேண்டும் என்று படம் சொன்னது எங்களுக்குப் புரிந்தது. யாரைப் போல இருக்க ஆசை என்பதை நாங்கள் தனியாக வைத்துக்கொண்டோம்.

அந்த வருடம்தான் அம்மா பயர் ஆபீசுக்கு, சரம் பின்னப் போனாள். பகலில் அங்கே, இரவில் வீட்டில் பெட்டி. அந்த இரவுகளுக்குள்தான் சித்தி வந்தது. நம் கதைகளில் சித்தி என்றால் கொடுமைக்காரி. ராதிகா நடித்த சாரதாவோ, மூத்தாள் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கிறவள். எங்கள் தெருவில் இரண்டாம் தாரமாக வந்த ஒரு மதினியை அதற்குப் பிறகு பெண்கள் பார்த்த பார்வையே கொஞ்சம் மாறியது. இதை நான் கண்ணால் கண்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா சீரியல் பார்த்ததே இல்லை. கேட்டாள். டிவி பக்கத்து வீட்டில் இருந்தது, சன்னல் வழியே சத்தம் வரும். பெட்டி ஒட்டும்போது கண்ணைக் கையைவிட்டு எடுக்க முடியாது. எடுத்தால் தாள் கோணும், கோணினால் கழிவு, கழிவுக்குக் கூலி இல்லை. சீரியலில் எல்லாவற்றையும் பேசியே தீர்க்கிறார்கள், ஒருத்தி கதவைத் திறந்தால்கூட யாராவது அதைச் சொல்கிறார்கள், இசையை வைத்தே யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது என்று படித்தவர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கும் அந்தக் கிண்டல் உண்டு. ஆனால் வேலையில் குனிந்திருக்கும் பெண்ணுக்கு அந்த வடிவம்தான் தோதாக இருந்தது. முகத்தை நெருக்கத்தில் காட்டி மௌனத்தில் பேசும் நல்ல படம் ஒன்றை அம்மாவால் வேலையோடு சேர்த்துக் கேட்டிருக்க முடியாது.

மெட்டி ஒலி 2002 முதல் 2005 வரை. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த அப்பாவின் கதை. என் கல்யாணம் 2004இல். சரோவின் மாமியார் பேசப் பேச எங்கள் வீட்டில் பெட்டி ஒட்டும் வேகம் கூடும். அம்மா நகைக்காகக் குரோஸ் எண்ணிக்கொண்டிருந்தாள். "நாடகம் பாத்துத்தான் பொம்பளைக கெட்டுப்போறாக" என்று டீக்கடையில் பேசியவர்களின் வீட்டிலும் அந்த நகைக்கணக்கு பெண்களின் கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

2006 செப்டம்பரில் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. எங்கள் தெருவுக்கு வந்த அன்று அம்மா அதற்குப் பொட்டு வைத்தாள். அதுவரை அடுத்த வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்கள், உள்ளே வரச்சொல்லாத வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்கள், முதல்முறையாகத் தன் வீட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். இலவசங்களை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தேர்தல் வாக்குறுதியாக அதைத் தருவது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. அரசுப் பணம் வீணா இல்லையா என்று இன்னமும் விவாதிக்கலாம். ஆனால் யார் வீட்டு வாசலில் யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்து விவாதிக்க வேண்டும்.

என் குறை வேறு. கோலங்கள் 2003இலிருந்து 2009 வரை ஓடியது. தேவயானி நடித்த அபி உழைத்து முன்னேறும் பெண். எங்களுக்கு அவளைப் பிடித்தது. ஆனால் சீரியலில் உழைப்பு என்றால் கம்பெனி தொடங்குவது, டெண்டர் எடுப்பது, கையெழுத்துப் போடுவது. கூலி குறைந்தது என்று சண்டை போட்ட பெண் எந்த சீரியலில் இருந்தாள்? மருந்துத் தூள் படிந்த கையோடு சோறு பிசையும் பெண்ணை எங்கே காட்டினார்கள்? 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த குட்டி ஜப்பானின் குழந்தைகள் என்ற ஆவணப்படத்தில் சிவகாசிப் பிள்ளைகளின் கைகள் தெரியும். அதை நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன். அம்மா கடைசி வரை பார்க்கவில்லை. எங்கள் கைகள் இருந்த படம் எங்கள் தெருவுக்கு வரவில்லை. எங்கள் தெருவுக்கு வந்தவற்றில் எங்கள் கைகள் இல்லை. வெடிப் பெட்டியின் மேல் நடிகையின் படம் ஒட்டியிருக்கும், அதை ஒட்டியவளின் பெயர் எங்கும் இருக்காது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அன்று இரவு எங்கள் தெருவில் சீரியல் சத்தம் இல்லை. எல்லா வீட்டிலும் செய்தி. ஊரின் பெயர் டிவியில் வர இத்தனை பேர் சாக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அம்மா பயர் ஆபீசுக்குப் போகவில்லை. திரி வேலையை வீட்டுக்கு வாங்கிச் செய்யவும் நாங்கள் விடவில்லை. பழையபடி பெட்டி ஒட்டினாள். "தென்றல் ஓடிட்டு இருந்துச்சு" என்று அந்த வருடத்தையும் சொன்னாள். அதற்கு மட்டும் சீரியல் தேவைப்படவில்லை, தேதியே எனக்குத் தெரியும்.

2023 ஆகஸ்டில் ஜெயிலர் வந்தது. நீலாம்பரியாக நின்ற ரம்யா கிருஷ்ணன் அதில் ரஜினியின் மனைவி. வீட்டில் இருக்கிறார், பயப்படுகிறார், அழுகிறார். 24 வருடத்தில் பெரிய படம் அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான். அதே மாதங்களில் இரவுதோறும் எதிர்நீச்சலில் நான்கு மருமகள்கள் ஆதி குணசேகரனை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். குணசேகரனாக நடித்த மாரிமுத்து செப்டம்பர் 8 அன்று இறந்தபோது, அவரைத் தினமும் திட்டிய எங்கள் தெருப் பெண்கள் அழுதார்கள். கதாபாத்திரம் வேறு, ஆள் வேறு என்று அவர்களுக்குத் தெரியாது என்று யார் சொன்னது?

2024இல் அது இன்னும் தெளிவானது. ராதிகா எங்கள் விருதுநகர் தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளராக நின்றார். "சித்தி வந்திருக்காக" என்று பெண்கள் பார்க்கப் போனார்கள். முடிவில் காங்கிரசின் மாணிக்கம் தாகூர் 4,379 வாக்கு வித்தியாசத்தில் விஜயகாந்தின் மகனை வென்றார். ராதிகாவுக்கு மூன்றாம் இடம். யார் யாருக்கு ஏன் போட்டார்கள் என்பது அவரவர் மனசு. அம்மா மட்டும் சொன்னாள்: "சித்தி நல்ல பொம்பள. ஓட்டு வேற சங்கதி."

அம்மாவின் நோட்டு முடிந்தது. குச்சி அடுக்கியது 1973 அல்லது 74 முதல் 1992 வரை. பயர் ஆபீஸ் 1999 முதல் 2012 வரை. பெட்டி ஒட்டியது 1992 முதல் 2018 வரை. தெய்வமகள் முடிந்த வருடம் அது. கண் மங்கிவிட்டது.

மறுபடி போனோம். அந்த மேசைக்காரர் வாசித்துவிட்டு ஒரு இடத்தில் பேனாவை வைத்தார். "12 வயசுல வேலை பாத்ததா எழுத முடியாதும்மா. சட்டப்படி அப்ப நீங்க வேலைக்கே போயிருக்கக் கூடாது." 1948 தொழிற்சாலைச் சட்டமே 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. பிள்ளையைக் காக்க வந்த சட்டம், பிள்ளையாய் உழைத்தவளின் வருடங்களைத் தாளில் ஏற்க மறுக்கிறது. வீட்டில் ஒட்டியதையும் அவர் அடித்துவிட்டார். 45 வருட உழைப்பில் மிஞ்சியது பயர் ஆபீசின் 13 வருடம். அதற்கும் முதலாளியிடம் சான்று வாங்கி வரவேண்டும்.

"வருசமெல்லாம் கரெக்டா எழுதியிருக்கீங்களே, ஏதும் ரெக்கார்டு இருக்கா?" என்று கடைசியில் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். இந்த முறை நான் முகத்தைத் திருப்பவில்லை.

"இருக்கு சார்" என்றேன். "படையப்பா, சித்தி, மெட்டி ஒலி."

அவர் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார். சான்றுக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம். இதை வாசிக்கும் மாணவிகள், உங்கள் அம்மாவிடமும் ஆச்சியிடமும் எந்தச் சீரியல் பிடிக்கும் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது ஓடியபோது கை என்ன செய்துகொண்டிருந்தது என்றும் கேளுங்கள். பதிலை வருடத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.